காட்டுக் குடிலின் கடன்

விடு என்னும் வினையடி நீண்டு வீடு என்னும் பெயராவதை இலக்கண நூலார் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். பற்றுகளை விடுதலாகிய முத்தியையும், பற்றுகளைச் சேர்த்து வைக்கும் மனையையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் நான்காவதை நாடும் ஒருவர் ஊரிலுள்ள மனையைத் துறந்து காட்டுக்குப் போய், அங்கே மரம் வெட்டி, மண் குழைத்து, இன்னொரு மனையை எழுப்பத் தொடங்கும்போது, சொல்லுக்குள் உறங்கிக் கிடந்த முரண் விழித்துக்கொள்கிறது. அவர் விட்டது எது, உடன் கொண்டுவந்தது எது என்னும் வினாவைச் சமய மரபுகள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன.

இன்று இந்த வினா புதிய உடையில் வருகிறது. மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வடிகால் ஆகிய பொது இணைப்புகள் எதுவும் இல்லாமல், கூரைமேல் சூரியத் தகடும், மழைநீர்த் தொட்டியும், விறகடுப்பும் கொண்டு தனித்து இயங்கும் வீட்டை ‘ஆஃப்-கிரிட்’ வீடு, அதாவது மின்கட்டமைப்பில் சேராத வீடு என்கின்றனர். மரங்கள் அடர்ந்த நிலத்தை வாங்கி இத்தகைய குடிலைக் கட்டுவோர் பொதுவாக இரண்டு பயன்களைச் சொல்வதுண்டு: ஒன்று எவரையும் சாராமை, மற்றொன்று எளிமை. முன்னது பொருளியல் பற்றிய கூற்று. பின்னது அறம் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டாலும் இரண்டின் தகுதியும் ஒன்றல்ல. சாராமை என்பது குடிலின் முதல் ஆணியிலேயே பொய்த்துவிடுகிறது. எளிமையோ, அந்தப் பொய்ப்பை ஒருவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் தொடங்குகிறது.

காட்டுக் குடில் பற்றிய நவீனப் பேச்சு அனைத்துக்கும் மூலமாக விளங்குபவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊரைச் சேர்ந்த ஹென்றி டேவிட் தோரோ. அவர் 1845ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு வால்டன் குளக்கரைக்குச் சென்று, இளம் பைன் மரங்களை வெட்டிச் செதுக்கி, பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உள்ள ஒற்றையறைக் குடிலைக் கட்டி, அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் குடியேறினார். நிலம் அவருடையதன்று, அவருடைய நண்பரும் மெய்யியலாளருமான எமர்சன் முந்தைய ஆண்டு வாங்கியது. பலகைகளில் பெரும்பகுதி, அருகில் இருப்புப்பாதை போட வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை நான்கு டாலர் இருபத்தைந்து சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்ததால் கிடைத்தது. சட்டகத்தைத் தூக்கி நிறுத்த, அறிமுகமானவர்கள் வந்து தோள் கொடுத்தனர். ஊர் ஒன்றரை மைலுக்குள்தான் இருந்தது. ரயிலின் ஊதல் குளக்கரை வரை கேட்டது. ஆக, நாகரிகத்துக்கு வெளியே நின்றதாகப் புகழப்படும் அந்தக் குடிலின் சுவர், நாகரிகத்தின் மிகப் புதிய சின்னமான இருப்புப்பாதையை அமைத்த ஒருவரின் வீட்டுச் சுவராக முன்பு இருந்தது.

இவற்றை எடுத்துக்காட்டித் தோரோவைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இச்செய்திகளில் பலவற்றைத் தம் நூலில் எழுதி வைத்தவர் தோரோவே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 1854இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலில் அவர் குடிலின் செலவுக் கணக்கை வரிவரியாகத் தருகிறார்: பழைய செங்கல் ஆயிரத்துக்கு நான்கு டாலர், ஆணிக்கு மூன்று டாலர் தொண்ணூறு சென்ட், கண்ணாடியுடன் கூடிய இரண்டு பழைய சன்னல்களுக்கு இரண்டு டாலர் நாற்பத்து மூன்று சென்ட், சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட் என்று எழுதி, மொத்தம் இருபத்தெட்டு டாலர் பன்னிரண்டரை சென்ட் என முடிக்கிறார். மெய்யியல் நூலொன்றில் கடைக்காரரின் பேரேடு போன்ற இப்பக்கம் ஏன் இடம்பெற வேண்டும் என்ற ஐயம் எழலாம். ஒருவர் தலைக்குமேல் கூரை நிற்பதற்கு எத்தனை பேருடைய உழைப்பு வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் காட்டும் ஒப்புதல் வாக்குமூலம் அது. ஊர் வீட்டில் வாழ்பவருக்கும் இக்கடன் உண்டு. ஆனால் அது எண்ண முடியாத அளவுக்குப் பெருகிச் சுவருக்குள் மறைந்துவிடுகிறது. சிறு குடிலில் மட்டுமே அதை ஒரே பக்கத்தில் எழுத முடிகிறது.

அந்தப் பக்கத்திலும் ஒரு விடுபாடு உண்டு. காட்டிலிருந்து எடுத்த மரம், கல், மணல் ஆகியவற்றைக் குடியேறியவரின் உரிமைப்படி எடுத்துக்கொண்டதால் கணக்கில் சேர்க்கவில்லை என்று தோரோ குறிப்பிடுகிறார். மனிதருக்குப் பட்ட கடனைச் சென்ட் கணக்கில் எழுதியவர், காட்டுக்குப் பட்ட கடனுக்கு விலை போடவில்லை. இந்த இரண்டாம் கடனை அவருக்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முன்னரே கணக்கில் எடுத்தவர்கள் பௌத்தத் துறவியர்.

பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பு விநயம் எனப்படும். ஒவ்வொரு விதியும் எந்த நிகழ்ச்சியை ஒட்டிப் பிறந்தது என்பதை விநயம் சேர்த்தே சொல்கிறது. குயவர் மகனான தனியர் என்னும் துறவி இராசகிருகத்தை அடுத்த இசிகிலி மலைச்சரிவில் புல்லால் குடிசை வேய்ந்தார். அவர் பிச்சைக்குச் சென்றிருந்த வேளையில் புல்லும் விறகும் பொறுக்க வந்தவர்கள் அதைப் பிரித்துக்கொண்டு போயினர். மும்முறை இப்படி நேரவே, தம் குலத்தொழிலை நினைத்து மண்ணாலேயே குடில் வனைந்து, தீ மூட்டிச் சுட்டுச் செந்நிற வீடாக ஆக்கினார். அழகாக அமைந்த அதைக் கண்ட புத்தர், சூளைத் தீயில் எத்தனை சிற்றுயிர்கள் மடிந்திருக்கும் என்று கடிந்து, அதை உடைத்துவிடச் செய்தார். அதன்பின் தனியர் மரவீடு கட்ட விரும்பி, பிம்பிசார மன்னருக்குரிய மரங்களை, மன்னர் முன்பே கொடுத்துவிட்டதாகக் காவலரிடம் சொல்லி எடுத்துச் சென்றார். கொடாததை எடுத்தல் பற்றிய கடும் விதி, அதாவது மீறியவரைச் சங்கத்திலிருந்தே நீக்கும் விதி, இந்நிகழ்ச்சியை ஒட்டியே எழுந்தது. அனைத்தையும் துறந்த ஒருவரைத் திருட்டு வரை இழுத்துச் சென்றது பொன்னாசையோ பெண்ணாசையோ அன்று. காட்டில் தனக்கென ஒரு குடில் வேண்டும் என்ற ஆசை.

ஆளவி என்னும் ஊர்த் துறவியர் கதை இன்னும் நுட்பமானது. தமக்குத் தாமே அளவின்றிக் குடில் கட்டத் தொடங்கிய அவர்கள் ஆள், மாடு, வண்டி, கோடரி, புல், மண் என்று ஊராரிடம் ஓயாமல் கேட்டனர். நாளடைவில் துறவியரைக் கண்டாலே மக்கள் ஓடி ஒளிந்தனர். தொலைவில் பசுக்கள் வந்தால்கூடத் துறவியர் வருவதாக மயங்கிப் பாதை மாறிப் போயினர். இதன்பின் விதி வகுக்கப்பட்டது. புரவலர் இன்றித் தனக்கெனக் கட்டும் குடில் புத்தரின் சாணளவில் பன்னிரண்டு சாண் நீளம், ஏழு சாண் அகலத்தை மிஞ்சலாகாது. இடத்தைப் பிற துறவியர் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். அவ்விடம் எறும்பு, கரையான், எலி, பாம்பு போன்றவற்றின் உறைவிடமாக இருத்தல் ஆகாது. குடிலைச் சுற்றி மாடு பூட்டிய வண்டி ஒன்று வலம் வருமளவு வெளி விட வேண்டும். அந்தச் சாணின் நீளம் எவ்வளவு என்பதில் உரைகள் வேறுபட்டாலும், விதியின் கருத்தில் ஐயமில்லை: காட்டுக் குடில் தனியொருவரின் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டதன்று. கேட்டால் கொடுக்கும் ஊர், ஒப்புதல் தரும் தோழர், இடம் விடும் எறும்பு ஆகிய மூன்று தரப்பின் இசைவும் அதற்கு வேண்டும்.

மனிதருக்கும் உயிர்களுக்கும் உரிய கடனைத் தீர்த்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அதைச் சுட்டியவர் ஜப்பானியத் துறவி காமோ நோ சோமெய். அன்றைய தலைநகரான கியோத்தோவில் பெருந்தீ, சூறாவளி, பஞ்சம், நிலநடுக்கம் ஆகியவற்றை அடுத்தடுத்துக் கண்ட அவர், ஐம்பது வயதை ஒட்டித் துறவு பூண்டு, பின்னர் ஹினோ மலைப்பகுதியில் பத்தடிக்குப் பத்தடி அளவிலான குடில் ஒன்றை அமைத்தார். நிலத்தில் அடித்தளம் தோண்டாமல், மரப் பொருத்துகளைக் கொக்கிகளால் இணைத்திருந்ததால், இடம் பிடிக்காவிட்டால் பிரித்து இரண்டே வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. 1212இல் அவர் எழுதிய ‘ஹோஜோகி’ இக்குடிலின் பெருமையை விரித்துரைத்துக்கொண்டே சென்று, முடிவில் தன்மேலேயே திரும்புகிறது. எதன்மீதும் பற்று வைக்காதே என்பது புத்தரின் போதனையாயின், இக்குடிலை இவ்வளவு நேசிப்பதும் பற்றுதானே என்று அவர் தம் மனத்தையே கேட்கிறார். மனம் விடை சொல்லவில்லை. பெரிய மாளிகையை விட்டவர் சிறு குடிலில் சிக்கிக்கொள்ளலாம்; பற்று பொருளின் பருமனைப் பொறுத்து அமைவதில்லை.

குடிலின் சிறுமையே ஒருவரை நல்லவராக்கும் என்று நம்புவோர்க்கு அண்மைக்கால வரலாறு கசப்பான மறுப்பைத் தருகிறது. ஹார்வர்டில் பயின்று கணித உதவிப் பேராசிரியராக இருந்த தியோடர் கசின்ஸ்கி, மொன்டானா மாநிலத்து லிங்கன் என்னும் ஊருக்கு அருகே காட்டு நிலத்தில் 1971இல் குடியேறி, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத குடிலைக் கட்டினார். அங்கு வாழ்ந்த அவர் 1978 முதல் 1995 வரை தயாரித்த வெடிகுண்டுகள் மூவரைக் கொன்று இருபத்து மூவரைக் காயப்படுத்தின. அவருடைய குடில் தோரோவுடையதைவிடச் சிறியது. அங்கே இல்லாமற்போனது, தான் யாருக்கும் கடன்பட்டவன் என்னும் உணர்வு. எவரையும் சாரவில்லை என்று ஒருவர் உறுதியாக நம்பத் தொடங்கினால், எவர்பொருட்டும் தமக்குக் கடமையில்லை என்ற முடிவுக்கு வர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

விட்டு வந்தவரும் குடிலைப் பற்றிக்கொள்ளும் இடர்ப்பாட்டை இந்திய மரபு இரு நிலைகளாகப் பிரித்து எதிர்கொண்டது. இல்லறக் கடமைகளை முடித்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்ட பின் காட்டுக்குச் செல்பவர் வானப்பிரத்தர். அவர் வேள்வித் தீயை உடன் கொண்டு செல்கிறார், தீயைக் காக்கக் கூரையும் வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த நிலையினரான சந்நியாசி தீயையும் கூரையையும் ஒருங்கே விடுகிறார். பகவத்கீதையின் பன்னிரண்டாம் இயலில் இறைவனுக்கு இனியவனின் இயல்புகளுள் ஒன்றாக வரும் ‘அநிகேதன்’ என்ற சொல், உறைவிடம் அற்றவன் எனப் பொருள்படும். வால்டன் கரையில் தோரோ படித்த நூல்களுள் கீதையும் ஒன்று. ஆக, காட்டுக் குடில் இம்மரபில் இறுதி இலக்காகக் கருதப்படவில்லை. மனைக்கும் மனையின்மைக்கும் இடையில் அமைந்த தங்கல் அது.

தமிழ் இலக்கண மரபு இதற்கு மேலும் ஒரு கூறைச் சேர்க்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை, தவம் செய்வோரின் ஒழுக்கத்தைக் கூறும் தாபத வாகை என்னும் துறையில், நீராடல், நிலத்தில் கிடத்தல், தோலுடுத்தல், சடை வளர்த்தல், தீயோம்பல் ஆகியவற்றுடன் ஊரடையாமையையும் எண்ணுகிறது. ஊருக்குள் புகாமையாகிய இந்த ஊரடையாமையே இன்றைய ஆஃப்-கிரிட் வாழ்வுக்கு மிக நெருங்கிய பழந்தமிழ்க் கருத்து எனலாம். ஆனால் பட்டியல் அங்கே நிற்கவில்லை. காட்டில் கிடைப்பதைக் கொண்டு கடவுளையும் விருந்தினரையும் பேணுதலும் தவமாகவே சொல்லப்படுகிறது. ஊருக்குள் போகாதவரும், ஊரிலிருந்து வருபவருக்கு வாயிலைத் திறந்து வைக்க வேண்டும். தோரோவின் ஒற்றையறையில் நாற்காலிகள் மூன்று இருந்தன என்பதையும், அவற்றுள் ஒன்றைத் தனிமைக்கும் மற்றவற்றை வருபவர்க்கும் அவர் ஒதுக்கினார் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுவது பொருந்தும்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணத் துறவியர் வாழ்ந்த குகைகளும் துறவிக்கும் ஊருக்கும் இடையிலான இப்பிணைப்புக்குச் சான்று தருகின்றன. அத்துறவியர் வீடு கட்டவில்லை. இயற்கைக் குகைக்குள் கற்படுக்கை வெட்டி, மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் காடி செதுக்கிக் கொடுத்தவர்கள் மன்னரின் அலுவலரும் வணிகரும் ஊராரும். மாங்குளம் முதலிய இடங்களின் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறிப்புகள், கொடுத்தவர் யார், யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சுருக்கமாகப் பதிந்துள்ளன. உலகை விட்டவர் உலகத்தாரின் கொடையில் படுத்திருந்தார் என்பதை மறைக்க அங்கு எவரும் முயலவில்லை. கடன் பாறையிலேயே வெட்டப்பட்டது.

முற்றும் சாராமல் வாழ இயலாதென்றால் காட்டுக் குடில் எதற்கு என்ற வினா எஞ்சுகிறது. சூரியத் தகட்டின் சிலிக்கனும் மின்கலத்தின் லித்தியமும் யாரோ ஒருவர் தோண்டியும் உருக்கியும் செய்தவைதாம். அவற்றைக் கூரையில் மாட்டியவர் கட்டமைப்பிலிருந்து விலகிவிடவில்லை, அதன் நீண்ட கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார். எனினும், தொட்டியில் எத்தனை குடம் நீர் எஞ்சியிருக்கிறது, இவ்விரவுக்கு எவ்வளவு விறகு வேண்டும், அது எந்த மரத்திலிருந்து வந்தது என்பவற்றை அறிந்து வாழும் மனிதர், பொத்தானை அழுத்தி மறந்துவிடும் மனிதரைவிட ஓர் அடி மெய்க்கு நெருங்கி நிற்கிறார். கடனைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் அதை அறிய வேண்டும். குடில் தரக்கூடிய ஞானம் இவ்வளவே, இது சிறிதன்று. அந்த ஞானம் வாய்த்ததற்கு அடையாளம், வேளை வரும்போது குடிலையும் விட்டு எழ முடிவது. தோரோ இரண்டு ஆண்டு இரண்டு மாதம் வாழ்ந்தபின் 1847 செப்டம்பர் 6ஆம் நாள் வெளியேறினார்; அன்றுதான் அவருடைய வீடு, தமிழ்ச் சொல்லின் இரு பொருளுக்கும் உரியதாயிற்று.

அக்குடில் பின்னர்க் கைமாறி, இடம் பெயர்க்கப்பட்டு, தானியம் சேமிக்கப் பயன்பட்டு, இறுதியில் பிரிக்கப்பட்டது. குளக்கரையில் அதன் புகைபோக்கியின் அடித்தளம் மட்டும் 1945இல் தோண்டிக் கண்டெடுக்கப்பட்டது. இரவல் வாங்கிய கோடரியைப் பொறுத்தவரை, பெற்றபோது இருந்ததைவிடக் கூர்மையாக்கியே அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்ததாகத் தோரோ எழுதியிருக்கிறார்.