தன்னைத்தான் ஆளும் மைதானம்

பள்ளியின் கடைசி மணி அடித்ததும் வகுப்பறையின் அதிகாரம் முடிவடைகிறது. மைதானத்தில் கூடும் மாணவர்கள் தாங்களே அணி பிரிக்கிறார்கள்; தங்களுக்குள் ஒருவனைத் தலைவனாக்குகிறார்கள்; காசு சேர்த்துப் பந்து வாங்குகிறார்கள்; சச்சரவு எழுந்தால் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களே நடத்தும் இத்தகைய மாலைநேர விளையாட்டுக் கழகங்களைச் சுயாட்சியின் முதல் பாடசாலை என்று கல்வியாளர்கள் போற்றுவதுண்டு. அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆயினும் அதனுள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. மேலிருந்து ஆள்பவர் எவரும் இல்லை என்பதாலேயே ஒரு குழு தன்னைத்தான் ஆள்வதாக ஆகிவிடுமா?

இந்தியக் கால்பந்தின் தொடக்க வரலாற்றிலேயே இக்கேள்வி எழுந்தது. ஓர் இளைஞர் அதற்கு விடையும் அளித்தார்.

ஹேர் பள்ளிச் சிறுவர்கள்

1877-ஆம் ஆண்டு. கல்கத்தாவின் ஹேர் பள்ளியில் பயின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், பெரிய மைதானத்தின் வழியே சென்றபோது ஆங்கிலேயர்கள் பந்து விளையாடுவதைக் கண்டான். அவன் பக்கம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினான் என்று சொல்லப்படுகிறது. அந்த ஓர் உதை அவனது உள்ளத்தில் பெரும் ஆசையை மூட்டியது. வகுப்புத் தோழர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினான். அறியாமல் வாங்கியது ரக்பி பந்து! அதையே பள்ளி மைதானத்தில் சிறுவர்கள் உதைத்து ஆடினர். அருகிலிருந்த பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஸ்டாக் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டு, சரியான பந்தைத் தந்து, ஆட்டத்தின் விதிகளையும் கற்பித்தார். சிறுவர்கள் ‘பாய்ஸ் கிளப்’ என்ற பெயரில் ஒரு கழகம் அமைத்தனர். இந்தியர்கள் தாங்களாகவே தொடங்கிய முதல் கால்பந்துக் கழகமாக அது கருதப்படுகிறது.

இதில் பேராசிரியரின் பங்கு சிந்திக்கத்தக்கது. தவறான பந்தைக் கண்டு அவர் நகைத்துவிட்டுச் செல்லவில்லை. கழகத்தைத் தம் கைக்குள் எடுத்துக்கொள்ளவும் இல்லை. தேவையானதைத் தந்தார், தெரியாததைச் சொன்னார், கழகத்தைச் சிறுவர்களுக்கே விட்டுவிட்டார். இளைஞர்களை வழிநடத்துவோர் கற்க வேண்டிய கலை இது.

குயவரின் மகன்

ஆண்டுகள் சென்றன. நாகேந்திர பிரசாத் மேலும் பல கழகங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று வெலிங்டன் கிளப். மணி தாஸ் என்ற இளைஞரை அதில் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பினார். உறுப்பினர்கள் மறுத்தனர். காரணம், மணி தாஸ் குயவரின் மகன். அவர்களோ உயர்குலத்துப் பிள்ளைகள்.

எந்த அதிகாரியும் அந்தத் தடையை விதிக்கவில்லை. அரசின் ஆணையும் இல்லை. சுதந்திரமாகக் கூடிய இளைஞர்கள் சுதந்திரமாகவே எடுத்த முடிவு அது. நாகேந்திர பிரசாத்துக்கு அப்போது இருபது வயதும் நிறைவடையவில்லை. அவர் அந்தக் கழகத்தைக் கலைத்தார். பிறப்பைக் கேட்டுக் கதவை அடைக்காத வேறொரு கழகத்தை அமைக்க முற்பட்டார். அதுவே ஷோபாபஜார் கிளப். அதில் மணி தாஸ் ஆடினார்.

பெரும்பான்மை எதைத் தீர்மானிக்கலாம்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பலர் கூடி எடுத்த முடிவை ஒருவர் கவிழ்த்தது நியாயமா? அதுவும் ஒரு வகை எதேச்சாதிகாரம் அல்லவா? ஆட்சேபம் வலிமையானதே, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

முதலாவதாக, பிறர்மீது தம் விருப்பத்தைத் திணிப்பது வேறு. தாம் கட்டியதைத் தாமே இழக்கத் துணிவது வேறு. உறுப்பினர்களை அவர் தண்டிக்கவில்லை. மணி தாஸுடன் ஆடியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. தாம் வளர்த்த கழகத்தை, தலைமையை, தோழமையைத் துறந்தார். எதேச்சாதிகாரி தன் முடிவின் விலையைப் பிறரைச் செலுத்தச் செய்கிறான். இங்கே அந்த விலையின் பெரும்பங்கை முடிவெடுத்தவரே செலுத்தினார்.

இரண்டாவதாக, ஆட்டத்திற்கென்று ஓர் அறம் உண்டு. எந்த நேரத்தில் ஆடுவது, சந்தா எவ்வளவு, யார் எந்த இடத்தில் நிற்பது ஆகியவற்றைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். ஆனால் பந்து எவனுடைய குலத்தையும் கேட்பதில்லை. ஆடும் ஆர்வமும் விதிக்குக் கட்டுப்படும் மனமும் இருந்தால் போதும் என்பதே விளையாட்டின் அடித்தளம். அந்த அடித்தளத்தைத் தகர்க்கும் உரிமை எந்த வாக்கெடுப்புக்கும் இல்லை. ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட், 1785-இல் வெளியான தமது அறவியல் நூலில், மனிதன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் நியதி எல்லோருக்கும் பொருந்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிறுவினார். ‘எங்களவர் மட்டும்’ என்பது அந்தச் சோதனையில் தேறாது.

சாந்தோக்கிய உபநிடதம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. எங்கும் ஆன்மாவையே காண்பவனை அது ‘ஸ்வராட்’, அதாவது தன்னைத்தான் ஆள்பவன் என்கிறது. வேறு விதமாக அறிபவர்கள் பிறரால் ஆளப்படுபவர்கள் என்றும் கூறுகிறது. உபநிடதம் பேசுவது ஆன்ம ஞானத்தைப் பற்றி. ஆயினும் அதன் ஒளி மைதானத்திலும் விழுகிறது. வெலிங்டன் கிளப்பின் இளைஞர்களுக்கு மேல் எந்த எஜமானனும் இல்லை. ஆனால் குல அபிமானம் என்ற எஜமானன் அவர்களுக்குள்ளேயே இருந்தான். சுதந்திரமாக முடிவெடுத்ததாக அவர்கள் எண்ணினர். உண்மையில் முடிவெடுத்தவன் அவனே.

1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஷோபாபஜார் கிளப், ஈஸ்ட் சர்ரே என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்றது. அது பெருமைக்குரிய வெற்றி. எனினும் நாகேந்திர பிரசாத்தின் செயலுக்கு அந்த வெற்றி சான்றாகத் தேவையில்லை. அணி தோற்றிருந்தாலும் அவர் செய்தது சரியே. அறத்தை வெற்றிப் பட்டியலைக் கொண்டு அளப்பவர்கள் அடுத்த தோல்வியில் அதைக் கைவிட்டுவிடுவார்கள்.

இன்றைய மைதானம்

இன்று பள்ளி மைதானத்தில் எவரும் குலத்தின் பெயரை உரக்கச் சொல்லி விலக்குவது அரிது. ஆனால் அணி பிரிக்கும்போது ஒவ்வொரு நாளும் கடைசியாக நிற்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். காலணி வாங்க இயலாமல் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவன் இருக்கிறான். மூத்த மாணவர்கள் மைதானம் முழுவதையும் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பும் மாணவிகள் இருக்கிறார்கள். இவர்களை விலக்கும்படி எவரும் ஆணையிடவில்லை. பழக்கம் விலக்குகிறது, வெற்றி வேட்கை விலக்குகிறது, கவனமின்மை விலக்குகிறது.

ஆகவே ஆசிரியர் மாணவர்களின் அதிகாரத்தைப் பறித்துக்கொள்ள வேண்டும் என்பதன்று. கட்டளையால் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் மைதானத்திற்குள் வரலாம். தோழமைக்குள் வர இயலாது. ஆசிரியர் செய்யக்கூடியது, ஸ்டாக் செய்ததைப் போல, சரியானதைக் கையில் தந்துவிட்டு ஒதுங்குவது. அவர் தரவேண்டிய பந்து ஒரு கேள்வியே: “இன்று ஆட வந்தும் ஆடாமல் திரும்பியவர் யார்? ஏன்?” இக்கேள்வியைக் கழகத்தின் இளந்தலைவன் ஒவ்வொரு மாலையும் தன்னிடமே கேட்கப் பழகிவிட்டால், பிறகு எவரும் அவனைக் கண்காணிக்க வேண்டியதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்பவனை அவனே சென்று அழைத்து வருவான். சுயாட்சி அந்தச் சில அடிகளில்தான் தொடங்குகிறது.