கண்ணை மூடிக்கொள்ளும் நேரம்

முன்பின் தெரியாத ஒருவரின் கைகளில் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது சாதாரணக் காரியமில்லை. வீட்டுக்கே வந்து ஃபேஷியல் செய்யும் பெண்ணிடம் அதைத்தான் செய்கிறோம். க்ளென்சிங் மில்க்கால் துடைத்து, ஸ்க்ரப் போட்டு, ஆவி காட்டி, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளை எடுத்து, கழுத்திலிருந்து நெற்றிவரை மசாஜ் செய்கிறார். அப்போது பலருக்கும் கண் செருகிவிடும். பிறகு பேக் போட்டு, அது காயும்வரை பக்கத்திலேயே காத்திருக்கிறார்.

க்ரீமைவிட அந்த விரல்கள் செய்யும் வேலைதான் பெரிது என்பது என் எண்ணம். மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்; எந்த கோல்டு ஃபேஷியலின் பளபளப்பும் அதைத் தாண்டி நிற்காது. ஆனால் பிள்ளைக்குத் தலைவாரி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாளெல்லாம் பிறரைக் கவனித்தே ஓய்ந்துபோகும் ஒருத்தியை, வேறு யார் ஒரு மணி நேரம் இவ்வளவு கவனமாகத் தொடுகிறார்கள்?

கைத்திறன் மட்டும் போதாது. சீழ் வைத்த பருவின் மேல் ஸ்க்ரப் வேண்டாம் என்பார் நல்ல தொழில்காரர். ப்ளீச்சைக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். “இந்த சிவப்பழகு க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம், ஸ்கின் டாக்டரிடம் காட்டிடுங்க அக்கா” என்று தன் வருமானத்தை விட்டுக்கொடுத்தும் சொல்வார்.

வீடு தேடி வந்து முகத்தைத் தொடும் தொழில் நமக்குப் புதிதல்ல. முடிதிருத்தும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு அவர்களை நம்பிய வீடுகள்தான், சாதியைச் சொல்லி அவர்களைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்தின. இன்று அழகுக்கலைப் பெண் வாசல் வழியாகவே வருகிறார். ஆனாலும் சில குடியிருப்புகளில் அவருக்கென்று வேறு லிஃப்ட். பாத்ரூம் கேட்டால் முகச்சுளிப்பு. கையை நம்புவோம், ஆளை நம்ப மாட்டோம் என்கிற அந்தப் பழைய புத்தி இன்னும் போகவில்லை.

உண்மையில், நம்மைவிடப் பெரிய நம்பிக்கையை வைப்பவர் அவர்தான். முகவரி மட்டுமே தெரிந்த வீட்டுக்குள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அறியாமல், தனியாக நுழைகிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருக்கும் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் கொள்கிறது. செயலிகள் வழியாக வேலை செய்வோருக்குத் தமிழ்நாடு அரசு 2023இல் நல வாரியமும் அமைத்தது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் கதவைச் சாத்திய பிறகு அந்த ஹாலுக்குள் அவருடைய மதிப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு நாம்தான். அவர் வேலை முடித்துப் படியிறங்கும்வரை.

அடுத்த முறை அவர் வரும்போது பையை வைக்க இடம் கொடுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். தண்ணீர் கொடுங்கள். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.