மகப்பேற்று மருத்துவரின் மூவகைக் கடன்

கடமைகள் பலவாயினும் அவற்றை ஆற்றும் கைகள் இரண்டே. நோயாளரைப் பேணல், வைத்தியசாலையை நெறிப்படுத்தல், மாணவர்க்குக் கற்பித்தல் என்னும் மூன்றும் ஒரு மகப்பேற்று மருத்துவரிடம் வந்து கூடும்பொழுது, எதற்கு முதலிடம் என்னும் வினா எழுகின்றது. சில நோய்களுக்குரிய சிகிச்சையை நாளைக்கெனத் தள்ளிவைத்தல் கூடும். பேறுகால இரத்தப்பெருக்கோ நாளை என்பதை அறியாது. அவ்வாறாயின், பிரசவ அறையை நீங்கி விரிவுரை மண்டபத்திற்குச் செல்லும் பொழுதை எங்ஙனம் நியாயப்படுத்துவது?

இவ்வினாவை உரைத்துப் பார்ப்பதற்கு யாழ்ப்பாண வரலாற்றிலேயே ஓர் உரைகல் உண்டு. 1847 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்தார். மறு ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் 1857 இல் 'பிரசவ வைத்தியம்' எனத் தமிழில் வெளிவந்தது. 1860களில் பயிற்றுமொழியும் தமிழாயிற்று. ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறுவர், தமிழிற் கற்றோரே கிராமங்களில் நிலைப்பர் என்பது அவர் கருத்து.

கலைச்சொல் தேடிய பொழுதில் மேலும் பல நோயாளரைப் பார்த்திருக்கலாமே என ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயினும் 1873 இல் கிறீன் தாயகம் திரும்பியபோது, அவர் கைகளாற் செய்யத்தக்க சிகிச்சை இம்மண்ணில் அன்றோடு முடிந்தது. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களின் கைகளோ தொழிற்பட்டுக்கொண்டிருந்தன. இன்று வந்த தாய்க்கு மட்டுமன்றி, இனி வரவிருக்கும் தாய்க்கும் மருத்துவர் கடன்பட்டவர் என்பதை இது காட்டுகின்றது.

எனினும் கற்பித்தல் மட்டும் போதாது. கிறீனின் மாணவர்கள் ஆடவர். அக்காலப் பிரசவங்களோ பெரும்பாலும் வீட்டில், மருத்துவிச்சியின் கையில் நிகழ்ந்தன. அந்நிய ஆடவரை அனுமதிக்கப் பெண்கள் கூசினர். நூல் ஒரு கையிலும் பிரசவம் வேறொரு கையிலும் இருந்தன. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டு, இசபெல்லா கர் என்னும் பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணியாற்றியபோதுதான் அவ்விடைவெளி குறையத் தொடங்கிற்று. அறிவை ஆக்குதல் ஒன்று. அது உரியவரைச் சென்றடையும் வழியை அமைத்தல் மற்றொன்று. தலைமை என்பது இவ்விரண்டாவதே.

1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியபின், கட்டிலருகே கற்பித்தல் நம்மவர்க்கும் அன்றாடக் கடமையாயிற்று. அங்கே மற்றோர் இடர் காத்திருக்கின்றது. வலியால் துடிக்கும் தாய் பாடப்பொருளாக மாறிவிடலாம். அவளுடைய சம்மதத்தைக் கேளாது மாணவரை அழைக்கும் ஆசிரியர், தாம் கருதிய பாடத்தோடு அலட்சியத்தையும் சேர்த்தே கற்பிக்கின்றார். மாணவர் ஆசிரியரின் சொல்லிலும் அவருடைய நடத்தையையே விரைந்து கற்கின்றனர்.

ஆகவே கடமைகள் மோதுமிடத்து, கண்முன் இருக்கும் தாயே முதலாவாள், விரிவுரை காத்திருக்கலாம். ஆனால் அத்தகைய மோதல் நாள்தோறும் நிகழுமாயின், குற்றம் விரிவுரையினதன்று; ஒழுங்கமைப்பினது. தாம் இல்லாத இரவிலும் ஒரு தாய் காக்கப்படும்படி பிறரைப் பயிற்றி, அவர்க்குப் பொறுப்பையும் ஒப்படைத்தவரே மூவகைக் கடனையும் தீர்த்தவராவார். தம்மையன்றி எதுவும் நடவாது எனப் பெருமை கொள்ளும் மருத்துவர், எத்துணை வல்லவராயினும், அக்கடனிற் பாதியையேனும் மீதி வைத்துச் செல்பவரே.