மீதியும் மெய்ம்மையும்

பொய்யுரைப்பதற்கு எண்ணம் வேண்டும். கருவிக்கோ எண்ணம் இல்லை. ஆதலாற் கருவி பொய்யுரைக்காது என்பர். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை மிகச் சிறிய கருவியொன்றைக் கொண்டு ஆராயலாம்.

கணனி நிரல் எழுதப் பயிலும் மாணவர் தொடக்கத்தில் ஆக்குவனவற்றுள் ஒன்று கட்டளைவரிக் கணிப்பான். படமோ பொத்தானோ அதற்கில்லை. 12+5 எனத் தட்டச்சிட்டால் அடுத்த வரியில் 17 எனத் தோன்றும். நிறைவெண்களை மட்டுமே கையாளும் அதனிடம் 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், 3 என்று கூறி அமைந்துவிடும். மீதி 1 சொல்லப்படாமலே மறைகிறது.

வெள்ளவத்தையிலே மூவர் கூட்டாகக் கடையொன்று நடத்துகின்றனர் எனக் கொள்வோம். 100 ரூபாவை, அதாவது 10,000 சதத்தை, சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 3,333 சதம். எஞ்சும் 1 சதம் யாருக்குரியது? கணிதம் இதற்கு விடை கூறாது. பங்காளர் தம்முட் பேசித் தீர்க்கவேண்டிய அறவினா அது. மீதியைக் காட்டாத கருவி, அவ்வினா எழுந்ததையே மறைத்துவிடுகிறது. நிறைவெண் வகுத்தலின் விதியே அதுவன்றோ எனச் சிலர் மறுக்கலாம். விதியை அறிந்தவர் நிரலை எழுதியவர். விடையை நம்பிப் பணத்தைப் பிரிப்பவர் அதனை அறியார்.

பூச்சியத்தால் வகுக்கும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கப் பூச்சியமே வருமெனப் பிரமகுப்தர் 628இல் எழுதினார். இன்றைய எண்கணிதமோ அதற்கு விடை வரையறுப்பதில்லை. இவ்விடத்தில் 0 என்றோ −1 என்றோ ஓர் எண்ணை அச்சிடச் செய்தல் நிரல் எழுதுபவர்க்கு எளிது. ஆயின் காண்பவர் அதனை விடையென்றே கொள்வார்.

அவ்வாறு கொள்வதால் விளையும் கேட்டிற்கு வரலாற்றிலே சான்றுண்டு. ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கற், 1996 யூன் 4ஆம் திகதி தன் முதற் பயணத்திலே, புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன் சிதறியது. 32,767க்கு மேல் ஏற்காத 16 பிட் நிறைவெண்ணாகப் பெரிய எண்ணொன்றை மாற்ற முற்பட்டு, அதன் வழிகாட்டும் கருவி செயலிழந்தது. அக்கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைத் தலைமைக் கணனி பறப்புத் தரவென வாசித்து, ரொக்கற்றைத் திசைமாற்றிற்று. பிழையை அறிவித்தல் மட்டும் போதவில்லை. அவ்வறிவிப்பு விடைபோலத் தோன்றாதிருத்தலும் வேண்டியிருந்தது.

கருவிக்கு எண்ணம் இல்லை என்பது மெய்யே. எனினும் மீதியைக் காட்டுவதா மறைப்பதா, இயலாமையைச் சொல்வதா எண்ணொன்றால் மூடுவதா என்பன, அதனை ஆக்கியோர் முன்னரே எடுத்த முடிவுகள். கருவி பொய்யுரைக்காது என்னும் கூற்றின் பின்னே அவர் ஒளிந்துகொள்ளல் ஆகாது. ‘ஈவு 3, மீதி 1’ என்றும், ‘பூச்சியத்தால் வகுத்தல் இயலாது’ என்றும் அச்சிட, நிரலிலே சில வரிகளே மிகையாக வேண்டும். கொட்டாஞ்சேனையிலே தம் முதற் கணிப்பானை எழுதும் மாணவர்க்கும் விண்ணூர்தி அமைப்போர்க்கும் அக்கடன் ஒன்றே.