வினை தானாக வந்து சேருமா?

சைவ சித்தாந்தத்தில் எனக்கு நெருக்கமான வாதம் ஒன்று உண்டு. வினை சடப்பொருள், தன்னைச் செய்தவன் யாரென்று அதற்குத் தெரியாது. ஆகவே அதன் பலன் தானாக நடந்துபோய் உரியவனைச் சேராது. அறிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க ஒருவன் வேண்டும்; அவனே இறைவன். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் என்ற சம்பளப் பதிவை எழுதிய எனக்கு இது விளங்க உரையாசிரியர் தேவைப்படவில்லை. வாளியில் இருக்கும் பாலுக்கு வெட்டியவர் பெயர் தெரியாது. ஸ்டோரில் நிறுத்து, பெயருக்கு நேரே நான் எழுதினால்தான் அது சம்பளம்.

புந்தோங்கில் எங்கள் சமய வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர், கணக்காய்வாளர், கேட்டார்: “நாட்டோட உற்பத்தித் திறன் கூடுனா எல்லாருக்கும் நல்லதுதானே கிராணி ஐயா? தொழிலாளிங்க தோட்டத்தை விட்டு வெளியானது அவங்கவங்க வினை.” முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில், ஆளை வெளியாக்கிய மானேஜர் செய்ததையும் சேர்த்து இறைவன் தலையில் கட்டுகிறார்.

ஒப்புக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலாயாவில் இந்தப் பக்கத்து ரப்பர் காடுகளில் நிறையக் கிழட்டு விதைமரம். ஏக்கருக்கு வருஷம் 500 ராத்தல் கிடைத்தால் பெரிது. செயற்கை ரப்பர் வேறு போட்டிக்கு வந்துவிட்டது. அரசாங்கம் மரத்தையே மாற்ற முனைந்தது. 1952-ல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ராத்தலுக்கு 4½ காசு பிடித்து, பழைய மரத்தை அழித்து ஒட்டுக்கன்று வைப்பவர்களுக்கு அந்த நிதியிலிருந்து செலவைத் திருப்பித் தந்தார்கள். 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல ரகங்களைத் தேர்ந்து கொடுத்தது. அதே மண், அதே மழை. பால் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். இதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் மறுநடவுக்குக் குறித்த காட்டின் கடைசி வருஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏணி வைத்து ஆள் உயரத்துக்கு மேலே வெட்டுவார்கள். சாகப்போகிற மரம், பட்டையைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? காயம் ஆழமாக விழுந்தாலும் கங்காணி வாய் திறக்கமாட்டார். ஒரே மரத்தில் மேலும் கீழும் பால் பிடிக்கும் மங்கு தொங்கும். ஒட்டுப்பால் சாக்கு கனக்கும். வெட்டுகிற அம்மாவுக்கு அந்த மாதம் கை நிறையச் சம்பளம். பிறகு ஒருநாள் அடிமரத்தில் பட்டையைச் சுற்றிச் சீவி விஷம் பூசுவார்கள். இலையெல்லாம் கொட்டிக் காடு மொட்டையாக நிற்கும். புதுக்கன்று வெட்டுக்கு வர ஆறேழு வருஷம். அதுவரை அந்த அம்மாவுக்கு வெட்ட வேறு நெரை (மர வரிசை) கிடைக்கலாம், இல்லையென்றால் வெளிக்காட்டில் புல் வெட்டலாம். ரப்பருக்குப் பதில் செம்பனை வைத்துவிட்டால் பாதி ஆள்கூட வேண்டியதில்லை.

கூடிவந்த அந்த உற்பத்தித் திறனும் சடம்தான். 4½ காசு சட்டப்படி தோட்டம் கட்டிய பணம். அது பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ராத்தலும் விடியற்காலையில் யாரோ வெட்டிய பால். பலன் மட்டும் நிலத்துக்காரரை வழி தவறாமல் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போகும்படி சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் வழியை யாரும் எழுதவில்லை. செக்ரோலில் ஒரு பெயரை விட்டுவிட்டு “உன் வினை” என்று நான் சொல்லியிருந்தால் லயமே திரண்டு வந்து ஆபீசு வாசலில் நின்றிருக்கும்.

வழியை எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு: சுங்கை சிப்புட்காரர், துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தபோது, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவரே பங்குதாரர். விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டத்தையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியாதுதான். ஆனாலும் சேர்ப்பிக்க ஒரு கை இருந்தால் பலன் லயத்துக்கும் வரும் என்பது அங்கே தெரிந்தது.

“இறைவன் செய்யுற வேலையை மனுஷன் கையில கொடுக்கலாமா?” என்று வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இறைவன் விருப்பு வெறுப்பில்லாமல் சேர்ப்பிக்கிறான் என்கிறது சித்தாந்தம். மனிதன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆகவே அவன் எழுதுகிற கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். இதைக் கணக்காய்வாளர் தம்பி அல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்!

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். மரம் ஆறேழு வருஷம் பால் தராது என்று தெரிந்தே அரசாங்கம் அதற்குச் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு தொழில் கற்றுத் தேறவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகும். அந்தப் பிள்ளையும் நாட்டின் உற்பத்தித் திறன்தானே? ராத்தலுக்கு அரைக்காசு அதன் பெயரில் பிடித்திருந்தால் ரப்பர் விலை எவ்வளவு ஏறியிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.