அடி யார் மேல் விழுந்தது?

பாளையம்பட்டியில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. பட்டா சிட்டா நகல், வருமானச் சான்றுக்கு விண்ணப்பம், லேமினேஷன், காதுகுத்துப் பத்திரிகைக்கு டைப்பிங் என்று பிழைப்பு ஓடுகிறது. பின்னறையில் பழைய கம்ப்யூட்டர் இரண்டு கிடக்கும். சனிக்கிழமையானால் தெருப் பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொள்வார்கள், இடம் கிடைக்காதவர்கள் அம்மாவின் போனோடு மூலையில் உட்காருவார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள், மெல்லப் பேசத் தெரியாது. அவர்கள் கத்துவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. புரிகிற பாதியில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "சும்மா கேம்தானே!"

தோற்றவனைத் தேற்றவும் அதுதான். ஏமாற்றியவன் தப்பிக்கவும் அதுதான். கெட்ட வார்த்தை பேசியவனுக்கும் அதுதான் சமாதானம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பெரிய பெரிய ஆட்கள் சொன்ன ஒரு தத்துவத்தின் வாடை அதில் அடிக்கிறது.

பரீட்சை லீவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். இருவரும் ஒரே அணி. பாராசூட்டில் ஐம்பது பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் நிற்பவர் ஜெயிக்கிற விளையாட்டு. ஓர் ஆட்டம் பத்து நிமிஷம். அணிக்கு நாலு பேர், ஹெட்போனில் பேசிக்கொண்டே ஆடலாம். சின்னவன் செய்த குளறுபடியில் அணி தோற்றுவிட்டது. பெரியவன் ஹெட்போனில் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான். சின்னவனின் அப்பா காலமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவரையும் இழுத்துப் பேசியிருக்கிறான். அணியில் மற்ற இருவரும் எங்கோ வடக்கே இருப்பவர்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் சிரித்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, சோத்தத் தொட மாட்டேங்குறான். என்னன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்குறான்" என்று அவன் அம்மா கடைக்கு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

பெரியவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பயல் அசரவில்லை. "கேமுல எல்லாரும் அப்படித்தாண்ணே பேசுவாங்க. நான் இவனையா சொன்னேன்? கேமுல இருக்கிற அந்த ஆளச் சொன்னேன்" என்றான். அந்த ஆள் என்பது சிவப்புத் தலைமுடியோடு துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடும் பொம்மை. பிறகு இன்னொன்றும் கேட்டான்: "எதுத்தாப்புல ஆடுறது பாட்-ஆக்கூட இருக்கும்ணே. அதத் திட்டுனா அதுக்கு வலிக்குமா?" பாட் என்றால் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் ஆள். புதிதாக வருகிறவர்கள் சுலபமாக ஜெயித்து ருசி காணட்டும் என்று இந்த மாதிரி விளையாட்டுகளில் அவற்றையும் கலந்துவிடுவது வழக்கம். எட்டாம் வகுப்புப் பையன் கேட்டாலும் நல்ல கேள்விதான்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்பார்கள். இருக்கிறது. 2020 செப்டம்பரில் இதே மாதிரி சுடுகிற விளையாட்டான பப்ஜியைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. பிள்ளைகள் வேறு பெயருக்குத் தாவிக்கொண்டார்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு 2025-இல் விதி போட்டது: 18 வயதுக்குக் கீழே ஆடக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே உள்ளே நுழைய முடியாது. அது செல்லும் என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆகஸ்டில் காசு வைத்து ஆடுவதையே ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் சட்டம் அளப்பது காசையும் மணியையும். செத்துப்போன அப்பாவைப் பற்றி ஹெட்போனில் பேசிய பேச்சை எந்த விதியில் அடக்குவது?

பிரதோஷத்துக்குத் திருச்சுழி போகிற வழக்கம் எனக்கு உண்டு. அருப்புக்கோட்டையில் பஸ் மாறிப் போனால் திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடிய தலம். கோயிலுக்குப் பக்கத்திலேயே சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற பிள்ளை பிறந்த வீடு. பதினாறு வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போய் ரமண மகரிஷி ஆனவர். சாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தால் எங்கள் கூட்டத்தில் பேச்சு அவரைச் சுற்றித்தான் போகும். எல்லாம் மாயை, எல்லாம் திரையில் ஓடுகிற படம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் என் கடையில் வெகுநாள் பாக்கிக்காரர். அதுவும் மாயைக் கணக்கில் சேர்ந்துவிட்டது போல.

படம், திரை என்பது ரமணரே அடிக்கடி எடுத்தாண்ட உவமை. திரையில் ஊரே பற்றி எரிகிறது, திரை கருகுவதில்லை. வெள்ளம் பாய்கிறது, திரை நனைவதில்லை. வருவதும் போவதும் படம், மாறாமல் நிற்பது திரை, நீ அந்தத் திரை என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் பெரிய பையனின் குரலும் சேர்ந்தே கேட்கிறது. நான் திட்டியது படத்தை, இவனை இல்லை என்கிறானே, அவன் சொல்வதும் இதைத்தானா?

இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சினிமா பார்ப்பவனுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி. எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் 1977-இல் நின்று ஜெயித்து முதலமைச்சரானாரே எம்.ஜி.ஆர்., அவர் நம்பியாரை அடிக்கும்போது கொட்டகையே கத்தும். எத்தனை கத்தினாலும் அடி ஒன்று கூடாது, ஒன்று குறையாது. இந்த விளையாட்டு அப்படியா? அடியை ஓங்குவது என் விரல், வாங்குவது இன்னொரு விரலுக்குச் சொந்தக்காரன். நடுவில் உள்ள கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சரி. ரமணரின் உவமையில் அந்த இரண்டாவது ஆளுக்கு வேலை இல்லை. அது தன்னை விசாரிக்கிறவனுக்குச் சொன்னது.

அவர் வாழ்க்கையிலேயே இதற்குத் தோதாக ஒரு சம்பவம் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் வேங்கடராமனுக்குத் தூக்கம் என்றால் அப்படியொரு தூக்கம். நல்ல உடம்புக்காரர், விழித்திருக்கும்போது எந்தப் பையனும் நெருங்க மாட்டான். கோபம் இருக்கிற பையன்கள் அவர் தூங்கும்போது வந்து தூக்கிக்கொண்டு போய், ஆசை தீர அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிடுவார்களாம். காலையில் அவர்களே சொன்னால்தான் இவருக்குத் தெரியும். பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அடிபட்டவருக்கு வலியே இல்லை. அப்படியானால் அடித்தவர்கள் தப்பு செய்யவில்லையா?

இதை மதுரைப் புராணம் சொல்லும் இன்னோர் அடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் ஆடிப் பாடி வேலையைக் கெடுத்தார். அரசன் பிரம்பால் ஓர் அடி வைத்தான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது, அரசி முதுகிலும் விழுந்தது, உலகத்து உயிர் அத்தனை மேலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மதுரையில் இதை நடத்துகிறார்கள். கூலியாள் வேஷம் போட்டு வந்தவர் யார் என்று அரசனுக்குத் தெரியாது. புராணமே இதைத் திருவிளையாடல் என்றுதான் சொல்கிறது, அதாவது விளையாட்டு. விளையாட்டில் விழுந்த அடிதான் ஊர் முழுக்க வலித்தது.

ஓர் அடி யாருக்கும் வலிக்கவில்லை, இன்னோர் அடி எல்லோருக்கும் வலித்தது. இரண்டிலும் அது யாருக்கு வலிக்கும் என்று அடித்தவன் யோசிக்கவில்லை. எதிரே இருப்பது தெய்வமா, வெறும் கூலியாளா, பாட்-ஆ என்று பார்த்துவிட்டா கை ஓங்குகிறோம்? ஓங்குவது நம் கை, அது மட்டும்தான் நிச்சயம். பாட் கேள்விக்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான். ரமணர் நாயையும் அணிலையும்கூட அது, இது என்று சொல்ல மாட்டார், அவன், அவள் என்றுதான் பேசுவார். உலகமே படம் என்று சொன்ன மனிதர் படத்தில் வருகிறவர்களிடம் இத்தனை மரியாதையாக இருந்தார்.

பிட்டுக் கதையைப் பெரிய பையனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ ராஜா அடிக்காம விட்டிருந்தா சாமின்னே தெரிஞ்சிருக்காதேண்ணே?" என்றான். ஒரு கட்டு ஏ4 பேப்பரை எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

அதே பின்னறையில் வேறொன்றும் நடக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் செய்து 2007-இல் வெளியிட்டது, இலவசம். கலர் கலரான கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் பொம்மை நடக்கும், பேசும், மறையும். எட்டு வயசுப் பிள்ளைக்கும் கைவரும். நெட் இல்லாமலும் ஓடும் என்பதால் என் கடைக்குத் தோது. நாலாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி அதில் ஓர் ஆடு செய்தாள். மதுரை ரோட்டை ஆடு கடக்க வேண்டும், லாரி வரும், மோதினால் ஆடு போய்விடும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படைக்க ஒரு கட்டை இருக்கிறது. ஓயாமல் ஓட வைக்க ஒரு கட்டை, அழிக்க ஒரு கட்டை, மறைக்க ஒரு கட்டை. சைவத்தில் சொல்லும் ஐந்தொழிலில் நாலு வந்துவிட்டது. அருளலுக்கு மட்டும் கட்டை கிடையாது. லாரி ஆட்டை அடித்ததும், மடியில் இருந்த அவளுடைய சின்னத் தம்பி வீரிட்டு அழுதான். அவள் சலித்துக்கொண்டே ஏதோ மாற்றி மாற்றி மாட்டி, ஆடு கிட்டே வந்தால் லாரி நிற்கிற மாதிரி செய்துவிட்டாள். படைக்கிற பிள்ளைகளெல்லாம் கருணைக் கடல் என்று எழுத நான் வரவில்லை. இதே பெண் அடுத்த வாரமே நூறு ஆட்டைப் படைத்து ஒரே தட்டில் அழித்துவிட்டுக் கெக்கலித்தாள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அங்கே நோக யாரும் இல்லை. முதல் வாரம் நொந்தது ஆடும் இல்லை, தம்பி.

அந்த ஸ்கிராட்ச்சின் இணையத் தளத்தில் உலகத்துப் பிள்ளைகள் தாங்கள் செய்ததைப் பொதுவில் வைக்கிறார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து மாற்றலாம், ஆனால் முதலில் செய்தவர் இன்னார் என்பது தானாகவே கூட வந்து ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பெயரை வெளியிடாதே என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். தனியாக ரகசியச் செய்தி அனுப்ப வழி இல்லை, பொதுவில் எழுதுவதையும் கண்காணிக்கிறார்கள். முகம் தெரியாத ஆளையும் ஆளாக நடத்துவதற்கு அங்கே முதலிலேயே வழி செய்துவைத்திருக்கிறார்கள். சுடுகிற விளையாட்டில் இதைச் செய்ய முடியாது என்று ஒன்றும் இல்லை.

உலகம் கனவு மாதிரி என்றால் பசித்தவனுக்குச் சோறு எதற்கு என்ற வாதத்தை ரமணரிடம் வைத்தவர்கள் உண்டு. கனவு கலையும்வரை கனவில் வரும் பசிக்குக் கனவுச் சோறு வேண்டும் என்கிற பொருளில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் பிராகார வேதாந்திகளுக்கு இந்த இடம் மட்டும் ஞாபகம் வருவதில்லை. நான் யார் என்ற விசாரணையை அவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளத்தான் கொடுத்தார். அடுத்தவன் கன்னத்தில் அறைந்துவிட்டு "வலிப்பது யாருக்கு?" என்று கேட்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த பத்து வயசுப் பிள்ளையிடம் போய், நொந்தது யார் என்று விசாரித்துப் பார் என்று சொல்வது வேதாந்தத்தில் சேராது. அது கல்நெஞ்சம்.

விளையாட்டுக்குள் பட்டதற்கு மருந்தும் விளையாட்டுக்குள்ளேதான் என்று முடிவு செய்தேன். என் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்பது எனக்குத்தான் திருப்தி, சின்னவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரியவனை மறுபடி அதே அணியோடு ஆட்டத்துக்குள் போகச் சொன்னேன். அந்த வடக்கத்திப் பையன்கள் காதிலும் விழட்டும் என்று, ஹெட்போனிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். முனகிக்கொண்டு போனான். "டேய், அப்பாவப் பத்திப் பேசுனது தப்புடா" என்றான். அந்த இருவரும் இதற்கும் சிரித்தார்கள். சின்னவன் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேரும் தீவில் குதித்தார்கள்.

பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்றுதான் பெற்றவர்கள் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். நேரத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஹெட்போனை ஒரு தடவை நீங்களும் வாங்கி மாட்டிக்கொண்டு, உங்கள் பிள்ளை அங்கே என்ன பேசுகிறான், அவனிடம் என்ன பேசுகிறார்கள் என்று ஓர் ஆட்டம் முழுக்கக் கேளுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.