கழற்றிய தாலியும் கழலாத உறவும்

மாந்தர் உடலில் அணியும் பொருள்களுள் சில அழகுக்காக அணியப்படுவன. சில அடையாளத்துக்காக அணியப்படுவன. அழகுக்கு அணிந்ததைக் கழற்றுவதில் எவர்க்கும் பெரிய வருத்தமில்லை. அடையாளமாக அணிந்ததைக் கழற்ற நேரும்போதுதான் மனம் கலங்குகின்றது. அக்கலக்கம் நியாயமானதா? ஆமெனில், எதுவரை நியாயமானது? இதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

ஓர் ஆஸ்பத்திரியில் நாம் கண்ட காட்சி இது. தோட்டப்புறத்து மூதாட்டி ஒருவர் ரண சிகிச்சைக்காகத் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். தோடும் வளையலும் மூக்குத்தியும் மகளின் கைக்குட்டைக்குள் சென்றுவிட்டன. தாலியை மட்டும் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "அவர் உயிரோடிருக்கையில் இதை எப்படியம்மா கழற்றுவேன்?" என்றார். தாதி கடிகாரத்தைப் பார்த்தார். உறவினர் ஒருவர் அபசகுனம் என்று முணுமுணுத்தார். கணவராகிய கிழவரோ வாசலருகே வாய்பேசாது நின்றார்.

வைத்தியர் ஏன் கழற்றச் சொல்கிறார்? இரத்தப் பெருக்கை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியை அவர் கையாளுகிறார். அம்மின்சாரம் உடலிலுள்ள உலோகத்தின் வழியே பாயுமாயின் தோல் வெந்துபோதல் கூடும். மயக்கமுற்றவர்க்குச் சுவாசக் குழாய் செலுத்துங்கால், மூக்குத்தியின் திருகாணி கழன்று மூச்சுக்குழலுள் வீழ்தலும் கூடும். எம்.ஆர்.ஐ. படமெடுக்கும் இயந்திரத்தின் காந்தமோ பூமியின் காந்த சக்தியினும் பல்லாயிரம் மடங்கு வலியது. பொன்னைக் காந்தம் இழாது என்பது மெய்யே. ஆனால் சங்கிலிக் கொக்கியின் சிறு எஃகுக் கம்பியை அது இழுக்கும், பொன்னும் அங்குச் சூடேறலாம், படமும் கெடும்.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ரான்ட்கென் என்னும் அறிஞர், தாம் கண்டறிந்த எக்ஸ்-ரே கதிரால் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். அதில் விரலெலும்புகளும் மோதிரத்தின் கரிய நிழலுமே தெளிவாய்த் தெரிந்தன. கதிருக்கு அது மணமோதிரமன்று, வெறும் உலோகம். கருவி மங்கலமும் அறியாது, அமங்கலமும் அறியாது.

அங்ஙனமாயின் அம்மூதாட்டி அறிவிலியா? அல்லர். அவருடைய அச்சம் பொன்னிலிருந்து பிறந்ததன்று. நம் சமூகம் ஒரு பெண்ணின் தாலியைக் கழற்றுவது கணவன் இறந்தபின். ஊரார் கூடி நிற்க, பிறர் கையால். அக்கொடுமையைச் சிறு வயது முதல் கண்டவரின் கை நடுங்காமல் என் செய்யும்? குற்றம் அக்கையினதன்று; வழக்கத்தினது.

அவ்வழக்கத்துள்ளேயே அதற்கு மறுப்பும் உண்டு. மணமான சில திங்களில் தாலியைப் பிரித்துக் கோக்கிறோம். கயிறு நைந்தால் புதுக்கயிறு மாற்றுகிறோம். அந்த நாழிகையில் கணவன் உயிருக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. மனைவி நோயுற்றால் எதைக் கழற்றக் கணவன் அஞ்சுகிறான்? அவனுக்கு அத்தகைய அடையாளமே இல்லையே! பொருளுக்குப் பொருள் கற்பித்தவர் மனிதர். அதனை மாற்றுதற்கும் அவர்க்கே உரிமை உண்டு.

ஆயினும் ஒன்று கூறுவோம். அறிவு நம் பக்கம் இருப்பதனால் பிறரை இகழும் உரிமை நமக்கு வந்துவிடாது. கேளாமல் கழற்றும் கையும், "மூடநம்பிக்கை" என்று நகைக்கும் வாயும், அன்று ஊர் நடுவே தாலியைப் பறித்த கைக்கு உறவினவே. அவசர நேரத்திலும் காரணம் கூற அரை நிமிஷம் போதும்.

அன்று நடந்தது யாது? கிழவர் மெல்ல அருகே வந்தார். "கட்டினவன் நானே. நானே பத்திரமாய் வைத்திருக்கிறேன், நீ வெளியே வந்ததும் நானே கட்டிவிடுகிறேன்" என்று கூறித் தம் கையாலேயே கழற்றினார். மூதாட்டியின் கைகள் தளர்ந்தன, முகம் தெளிந்தது. தாலி அவர் சட்டைப்பைக்குள் சென்றது. அவர்தம் உறவு எங்கும் செல்லவில்லை.

சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பெற்ற சகோதரிகள் முன்னாளே வீட்டில் எண்ணெயிட்டுத் திருகாணியைத் தளர்த்திக் கழற்றிவைப்பது நலம். வெறுங்கழுத்து மனத்தை வருத்துமாயின், மஞ்சள் கோத்த நூற்கயிறு அணியலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம், அதில் உலோகமில்லை. மூக்குத் துளை விரைவில் சுருங்கக்கூடும். ஆதலின் அனுமதி கிடைத்தவுடன் தூய கையால் மீண்டும் அணிக. நுழையாவிடின் வலிந்து திணிக்கற்க.

அணி ஆளுக்காக, ஆள் அணிக்காக அன்று. இதனை வீட்டு ஆடவர் முதலில் உணர்வாராக!